கனல் காடு - 14: தீயணைக்கும் கலப்பை

சீர் பைன் மரத்தின் சருகு எப்படித் தீப்பிடிக்கிறது என்று போன வாரமே பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். அந்தச் சருகைக் காசாக்கும் கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தது உண்மைதான். அதற்குள் ஒரு கலப்பை குறுக்கே வந்துவிட்டது.

உத்தராகண்டின் அல்மோரா மாவட்டத்தில் சீத்லாகேத் என்றொரு சின்ன மலையூர். அதற்கு மேலே சியாஹி தேவி காடு. அங்கே ஊறும் சுனைகள் கோசி ஆற்றில் சேர்கின்றன. அல்மோரா நகரம் குடிப்பது கோசித் தண்ணீரை. கங்கையைப் போலப் பனிமலையில் பிறந்த ஆறு அல்ல அது. சுனை வற்றினால் ஆறும் வற்றும். காடு கருகினால் சுனை வற்றும். இந்தக் கணக்கு புரிந்ததால்தான் சுற்றுவட்டாரக் கிராமங்களின் பெண்களும் இளைஞர்களும் ஏறத்தாழ 20 ஆண்டுகளாகச் சம்பளம் எதுவும் இல்லாமல் அந்தக் காட்டைக் காத்துவருகிறார்கள். அவர்களைத் திரட்டியவர்களில் முன்னால் நிற்பவர் கஜேந்திர பாடக். வனத்துறைக்காரர் அல்ல, சுகாதாரத் துறையில் மருந்தாளுநர்.

இவர்கள் முதலில் கேட்ட கேள்வி, தீ எங்கிருந்து கிளம்புகிறது என்பது. பாதி விடை அவரவர் வயலிலேயே இருந்தது. மலைச்சரிவின் படிவயல்களில், வரப்பை ஒட்டி ஆண்டு முழுக்கப் புதர் மண்டும். கேழ்வரகும் குதிரைவாலியும் விதைப்பதற்கு முன் அதை வெட்டிக் குவித்துக் கொளுத்துவார்கள். அந்தக் குவியலுக்கு அங்கே 'ஓண்' என்று பெயர். பிப்ரவரியில் கொளுத்தினால் தொல்லை இல்லை, ஈரம் இருக்கும். ஏப்ரல் வந்தால் காற்று எழும்பும், பைன் மரங்கள் சருகைக் கொட்டத் தொடங்கும். வரப்பில் வைத்த நெருப்பு ஒரே ஓட்டமாகக் காட்டுக்குள் ஏறிவிடும். பைன் காய் ஒன்று பற்றிக்கொண்டால் இன்னும் ஆபத்து. தணலோடு சரிவில் உருண்டு, தடுப்புக்காகச் சருகு கூட்டி வைத்த தடத்தையும் தாண்டிப் போய், கீழே புதிதாக ஒரு தீயை மூட்டும்.

எரிக்கவே கூடாது என்று தடை போட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். இவர்கள் நாள் குறித்தார்கள். மார்ச் 31-க்குள் எரித்து முடித்துவிட வேண்டும். ஏப்ரல் 1 'ஓண் தினம்'. ஊரெல்லாம் முட்டாள்கள் தினம் கொண்டாடும் நாளில் இப்படியொரு புத்திசாலித்தனம்! அன்று மகளிர் மங்கள் தளம் என்னும் ஊர்ப் பெண்கள் குழுவினரும் வனத்துறையினரும் ஒன்றாகக் கூடுகிறார்கள். உழவர் நாட்காட்டியைச் சில வாரம் முன்னே நகர்த்தியதில் செலவு எவ்வளவு என்றால், கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இனி கலப்பை.

அல்மோரா அடங்கிய குமாவுன் மலைகளில் கலப்பை மரத்தால் ஆனது. அதற்குப் பேர்போனது பாஞ்ச் என்னும் ஓக் மரம். நல்ல வைரம் பாய்ந்த கட்டை. ஆனால் மலைமண்ணில் கல் அதிகம். உழ உழத் தேயும், உடையும், மறுபடி காட்டுக்குப் போய் மரம் வெட்ட வேண்டும். ஒரு வீட்டுக்கு அது சின்ன விஷயம். மலை முழுக்க வீட்டுக்கு வீடு கலப்பை என்றால் எத்தனை ஓக் சாயும்! ஓக் நிழல் போட்டுத் தரையை ஈரமாக வைத்திருக்கும் மரம். தீ அங்கே வந்தால் தளர்ந்துவிடும். அது வெட்டுப்பட்டு வெயில் விழுந்த இடத்தில் பைன் முளைக்கும். பைன் வந்தால் பின்னாலேயே தீ வரும். ஆக, உழவு மாட்டின் பின்னால் நடப்பவரின் கையில் இருக்கிறது காட்டுத்தீயின் ஒரு நுனி. இதைக் கண்டுபிடித்த ஆளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

மரத்துக்குப் பதிலாக இரும்பில் கலப்பை வேண்டும் என்று ஊர்க்காரர்கள் அல்மோராவின் விவேகானந்தா மலை வேளாண் ஆராய்ச்சி நிலையத்தை அணுகினார்கள். விளைவு, 'வி.எல். சியாஹி' என்னும் இரும்புக் கலப்பை. காட்டின் பெயரே கலப்பைக்கும். அந்த நிலையத்தின் பூர்வீகம் இன்னும் சுவாரசியமானது. ஜகதீஷ் சந்திர போஸிடம் பணியாற்றிய போஷி சென், 1924-ல் கல்கத்தாவில் தம் வீட்டுச் சமையலறையில் தொடங்கிய ஆய்வகம் அது. 1936-ல் அல்மோராவுக்குக் குடிபெயர்ந்தது. 1974-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கைக்கு வந்தது. சமையலறையில் பிறந்த ஆய்வகம் காட்டுக்குக் கவசம் வார்த்துக் கொடுத்திருக்கிறது. போஷி சென்னின் மனைவி கெர்ட்ரூட் எமர்சன் ஓர் அமெரிக்கர், பெண் புவியியலாளர்கள் சங்கத்தை 1925-ல் நிறுவிய நால்வரில் ஒருவர். அவர் கதைக்குள் போனால் இந்தத் தொடர் திரும்பி வராது.

இதே குமாவுன் மக்கள் ஒரு காலத்தில் காட்டைக் கொளுத்தியவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1921 ஜனவரியில், நமக்குப் பொங்கல் நாள், அவர்களுக்கு உத்தராயணித் திருவிழா. பாகேஷ்வரில் பத்ரி தத் பாண்டேயின் தலைமையில் கூடியவர்கள், வெள்ளை அதிகாரிகளுக்குக் கூலியின்றி மூட்டை சுமக்க ஆள் குறித்து வைத்திருந்த பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசினார்கள். அந்தக் கோடையில் காடுகள் பற்றி எரிந்தன. மேய்ச்சலையும் விறகையும் பறித்துக்கொண்ட வனச் சட்டத்துக்கு அது பதில். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா கவனித்த செய்தி ஒன்று உண்டு: எரிந்தவை அரசுக்குப் பிசின் தந்த பைன் காடுகள். தங்களுக்குத் தழையும் தண்ணீரும் தந்த அகன்ற இலைக் காடுகளை அவர்கள் தொட்டதற்குச் சான்றே இல்லை. எதைக் கொளுத்த வேண்டும், எதை விட வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அரசு இறங்கிவந்து 1931-ல், ஊர்மக்களே காட்டை நிர்வகிக்கும் வன பஞ்சாயத்துகளுக்கு விதி வகுத்தது; இன்று உத்தராகண்டில் அவை 11 ஆயிரத்துக்கும் மேல்.

இத்தனைக்குப் பிறகும் தீ வரத்தான் செய்கிறது. வந்தால் கையில் இருப்பது பச்சை இலைக் கொத்து. சரிவில் வரிசையாக நின்று, முகத்தில் அனல் அடிக்க, தீயின் ஓரத்தை அடித்து அடித்து அமுக்க வேண்டும். 2024 ஜூன் 13 அன்று இதே மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கப் போன வனப் பணியாளர்கள் நான்கு பேர் அன்றைக்கே இறந்துபோனார்கள். அவர்களாவது துறை அனுப்பிப் போனவர்கள். ஊர்ப் பெண்களை யாரும் அனுப்புவதில்லை, தாங்களாகவே ஓடுகிறார்கள். 'சீத்லாகேத் மாதிரி' என்று பெயர் சூட்டி மற்ற ஊர்க்காரர்களை அழைத்துவந்து காட்டும் அரசு, அந்தப் பெண்களுக்கு நல்ல காலணியும் கையுறையும் காப்பீடும் கொடுத்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்ளட்டும்.

பிரூல் என்று அங்கே சொல்லும் அந்தப் பைன் சருகு எப்படி விலைபோகிறது, அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சி எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அடுத்த வாரம்.