வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நம் கண்ணோடு நின்றுவிடுவது ஏன்?



நாமக்கல் பக்கத்து நண்பர்களுக்கு வெள்ளைக்கழிச்சல் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. தடுப்பு மருந்து போடாத பண்ணையில் அது புகுந்தால் ஷெட்டே காலி. ராணிக்கெட் நோய் என்பதும் இதுதான்.

என் அம்மா கோழிப்பண்ணையில் கூலி வேலை செய்பவர். போன வருஷம் குஞ்சுகளின் கண்ணில் லசோட்டா சொட்டு விடும்போது ஒரு துளி அவர் கண்ணிலேயே தெறித்துவிட்டது. மறுநாள் கண் செக்கச்செவேல். பக்கத்து வீட்டார் 'மெட்ராஸ் ஐ' என்றார்கள். அம்மாவோ, "கோழிக்கு வர்றது எனக்கும் வந்துருச்சாடா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கூலி போய்விடுமே என்று அந்தக் கண்ணோடு வேலைக்கும் போனார். நாலைந்து நாளில் தானாகச் சரியாகிவிட்டது.

லசோட்டா என்பது வீரியம் குறைந்த, ஆனால் உயிருள்ள ராணிக்கெட் வைரஸ். அது ஏன் கண்ணோடு நின்றது? நான் எலக்ட்ரிகல் மாணவன். தேடிப் படித்துப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

இந்த வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. நம் செல்லுக்குள் அது நகல் எடுக்கும்போது, நகலின் முனையில் மூன்று பாஸ்பேட் மூடியில்லாமல் நிற்கும். நம்முடைய சொந்தத் தூது ஆர்.என்.ஏ.வின் முனைக்கு மூடி உண்டு. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற புரதம் ரிக்-ஐ. 2004-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதன் வேலையைக் கண்டறிந்தார்கள். மடங்கிக் கிடக்கும் ரிக்-ஐ, வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பிடித்ததும் விரிந்து, மைட்டோகாண்ட்ரியாவின் மேல் உள்ள மாவ்ஸ் என்ற புரதத்தைத் தொடுகிறது. அதன் பின், நம் லேபில் ரிலே காயில் காண்டாக்டரை இழுக்க, காண்டாக்டர் மோட்டாரை ஓட்டுகிற கதைதான். இங்கே வயர் இல்லை. ஒரு புரதம் அடுத்த புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுவதுதான் சிக்னல். கடைசியாக ஐ.ஆர்.எஃப்-3 என்ற புரதம் உட்கருவுக்குள் போய் இன்டர்ஃபெரான் ஜீனை 'ஆன்' செய்கிறது. இன்டர்ஃபெரான் வெளியே வந்து பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்த, அவை நூற்றுக்கணக்கான தற்காப்பு ஜீன்களை இயக்குகின்றன. ரத்தத்தில் சுற்றும் ஒருவகை வெள்ளணு, டி.எல்.ஆர்-7 என்ற வேறொரு உணரி வழியாக இன்டர்ஃபெரானை ஏராளமாகக் கொட்டும்.

இந்த இன்டர்ஃபெரானை 1957-ல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டுபிடித்தது கோழி முட்டையின் உள்சவ்வை வைத்துத்தான்! ஆகக் கோழியிடமும் இன்டர்ஃபெரான் உண்டு. ஆனால் ரிக்-ஐ இல்லை (வாத்துக்கு இருக்கிறது). போதாததற்கு ராணிக்கெட் வைரஸிடம் 'வி' என்றொரு புரதம் உண்டு. அது கோழியின் செல்லில் இன்டர்ஃபெரான் வேலையை அமுக்கிவிடும். மனிதச் செல்லில் அந்தத் தந்திரம் சரியாகப் பலிப்பதில்லை. அதனால்தான் பெரும்பாலும் கண் சிவப்போடு போய்விடுகிறது.

பறவைக் காய்ச்சலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு வைரஸ், மனித உயிரையும் வாங்கும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப பயமில்லைங்கிறே" என்றார். இருந்தாலும் நம் ஒர்க்‌ஷாப்பில் கிரைண்டிங்குக்குப் போடுகிற மாதிரி வெள்ளைக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது சொட்டு விடுகிறார். "குஞ்சுக எல்லாம் என்னையே பாக்குதுடா" என்கிறார்.