ஏலமலைப் பாதையும் இரும்பு ஆணியும்



உங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கும் இரும்புச் சட்டியின் கைப்பிடியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சட்டியையும் பிடியையும் இணைத்து, இருபுறமும் மொட்டுப்போல் தலை விரிந்த ஆணிகள் அங்கே தெரியும். திருகிக் கழற்ற அவற்றில் மரை கிடையாது. பற்றவைத்த தடமும் இராது. ஆண்டுக்கணக்கில் தீயில் காய்ந்தும், தேய்த்துக் கழுவப்பட்டும் அவை தம் பிடியை விடுவதில்லை. பட்டறைக்காரர்கள் இதனை ‘ரிவிட்’ என்பர். தொழில்நுட்ப நூல்கள் ‘தறையாணி’ என்று குறிக்கும்.

இத்தனை சிறிய ஆணிக்கு ஒரு கட்டுரையா என்று நீங்கள் வியக்கலாம். மலைப்பாதையில் ஓடும் ஒரு பழைய ஜீப்பின் உறுதி இந்த ஆணியில்தான் அடங்கியிருக்கிறது. அதில் அமர்ந்து செல்வோரின் உயிருக்கும் அதுவே காவல். ஆகவே இதனைச் சற்று நிதானமாக அறிந்துகொள்வது நலம்.

விடியுமுன் புறப்படும் வண்டிகள்

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூரை ‘ஏலக்காய் நகரம்’ என்று அழைப்பதுண்டு. ஏலம் விளைவதோ மலைக்கு மேலே, பெரும்பாலும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துச் சரிவுகளில். தோட்டங்களில் காய் பறிக்கும் கைகளில் பல, கீழேயுள்ள தமிழகத்து ஊர்களைச் சேர்ந்தவை. விடியுமுன்னரே பெண்கள் சோற்றுத் தூக்குடன் ஜீப்புகளில் ஏறுகின்றனர். முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களை அடைகின்றனர். மாலையில் அதே வழியே இறங்கி வருகின்றனர்.

ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கியவாறு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட அந்த ரயில் 2023 ஜூன் 15 முதல் மீண்டும் போடிவரை ஓடுகிறது. எனினும் கரடுமுரடான ஏலத்தோட்டத்தின் வாசல்வரை மனிதரைக் கொண்டு சேர்ப்பது ஜீப்தான்.

போர்க்களத்திலிருந்து வந்த வண்டி

ஜீப் இராணுவத்துக்காகவே பிறந்த வண்டியாகும். 1940இல் நான்கு சக்கரங்களும் இயங்கும் இலேசான வண்டி ஒன்றை அமெரிக்க இராணுவம் கேட்டது. மாதிரி வண்டியை 49 நாட்களுக்குள் தரவேண்டும் என்பது நிபந்தனை. பான்டம் என்னும் சிறிய நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று அதனை ஒப்படைத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் போர் முடியும்வரை 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன.

இந்தியாவில் ஜீப்பின் கதை நம் வாசகர்களுக்குச் சுவையளிக்கும். 1945 அக்டோபர் 2 அன்று லூதியானாவில் ‘மஹிந்திரா அண்ட் முஹம்மத்’ என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜே. சி. மஹிந்திரா, கே. சி. மஹிந்திரா என்னும் சகோதரர்களும் மாலிக் குலாம் முஹம்மத் அவர்களும் அதன் பங்காளிகள். நாடு பிரிந்தபின் குலாம் முஹம்மத் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். பின்னர் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் விளங்கினார். 1948இல் நிறுவனத்தின் பெயர் ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ என்று மாறியது. வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கி, பிறகு தானே தயாரித்து நாடெங்கும் பரப்பியது இந்த நிறுவனமே. ஏலமலையில் ஓடும் மஹிந்திரா ஜீப்புகள் எல்லாம் அந்தப் போர்க்கால வண்டியின் வழித்தோன்றல்கள்.

பழைய இராணுவ வண்டியைப் புதுப்பிப்பதில் ஏமாற்றமும் உண்டு. சீரமைத்த பழைய ஜீப்புகளை வாங்க 1948இல் இந்தியாவின் சார்பில் லண்டனில் ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. வந்து சேர்ந்தவை 155. அவை பயன்பாட்டுக்கு உதவாதவை என்று இராணுவம் ஏற்க மறுத்தது; நாடாளுமன்றம்வரை அந்த விவகாரம் எதிரொலித்தது. ஒரு நாட்டு அரசுக்கே அப்படி நேருமென்றால், சாயப் பளபளப்பை மட்டும் பார்த்து வண்டி வாங்கும் நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கவேண்டும்!

ஏணி போன்ற எலும்புக்கூடு

ஜீப்பின் மேற்கூட்டைக் கழற்றிவிட்டால், கீழே ஏணி போன்ற ஓர் இரும்புச் சட்டம் தெரியும். இதுவே ‘சேஸ்’ எனப்படும் அடிச்சட்டம். நீளவாட்டில் 2 சட்டங்கள். அவற்றைக் குறுக்கே பிணைக்கும் விட்டங்கள். எஞ்சின், வில், சக்கரம், இருக்கை அனைத்தின் பாரமும் இதன் மேல்தான். குறுக்கு விட்டங்களை நெடுஞ்சட்டங்களோடு பிணைப்பவை ரிவிட்டுகளே. பழைய ஜீப்புகளைத் தேடிச் சேர்ப்போர் முதலில் நோக்குவதும் இந்தச் சட்டத்தைத்தான். முன்புறக் குறுக்கு விட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ். கவிழ்த்த பெட்டி வடிவில் இருந்தால் அது ஃபோர்டு.

கொண்டை ஊசி வளைவில் ஒரு சக்கரம் மேட்டிலும் எதிர்ச் சக்கரம் பள்ளத்திலும் இறங்கும்போது இந்த ஏணி முறுக்கப்படுகிறது. வளைவு கடந்ததும் நிமிர்கிறது. நாளொன்றுக்கு எத்தனை முறை! அத்தனை முறுக்கத்தையும் அந்த ஆணிகளே தாங்குகின்றன.

சூட்டில் அடி, ஆறும்போது இறுக்கம்

ரிவிட்டின் இரகசியம் எளிமையானது. ஒரு பக்கம் தலையுள்ள மென்மையான எஃகு ஆணியை உலையில் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வரை, ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சுவர். குறடால் எடுத்துத் துளையில் செருகி, தலைப்பக்கம் கனமான இரும்பை முட்டுக்கொடுத்து, மறுபக்கம் அடிப்பர். ஆணியின் தண்டு பருத்துத் துளையை நிரப்பும். நுனி இரண்டாவது தலையாக விரியும்.

அதன் பிறகுதான் அற்புதம் நிகழ்கிறது. ஆணி ஆறும்போது நீளவாட்டில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்க முயலும். இரு தலைகளும் அதனைச் சுருங்கவிடாமல் தடுக்கும். அந்த இழுவிசை முழுவதும் தகடுகளின் மேல் இறங்கி, அவற்றை ஒன்றோடொன்று நெருக்கி அழுத்துகிறது. அழுத்தத்தால் எழும் உராய்வே பாரத்தின் பெரும்பகுதியைச் சுமக்கிறது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பர்வரை ரயிலைச் சுமந்ததும், 1943இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலம் இன்றும் நிற்பதும் இந்த ஆணிகளின் வலிமையால்தான்.

சிறிய ரிவிட்டுகளைக் காய்ச்சாமலே நீரியல் அழுத்தப் பொறியால் நசுக்கித் தலை பிதுக்குவதும் உண்டு. அது துளையை நன்றாக நிரப்பும். சூட்டு ரிவிட் தகடுகளை நன்றாக இறுக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது ஆடவர் போர்முனைக்குச் செல்ல, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் ரிவிட் அடித்தவர்களில் பெருந்தொகையினர் பெண்கள். இது ஆண்களின் வேலை என்று நம் சகோதரிகள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்!

பற்றவைத்தால் போதாதா?

பழைய ஜீப்பைக் கொண்டுசென்றால், “ஆணியை வெட்டிவிட்டு வெல்டிங் வைத்துவிடலாம், அரை நாள் வேலை” என்று சொல்வோர் உண்டு. கேட்க இனிமையான யோசனைதான். ஆனால் ரிவிட்டுக்கென்று வகுத்த சட்டத்தில் நினைத்த இடத்தில் பற்றவைத்தால், சூடுபட்ட விளிம்பில் எஃகின் தன்மை மாறுகிறது. முறுக்கம் முழுவதும் அந்த விளிம்பில் குவிகிறது. அங்கேதான் வெடிப்புத் தொடங்கும். பற்றவைத்த இரு தகடுகள் ஒரே இரும்பாகிவிடுவதால், வெடிப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடையின்றி ஓடும். ரிவிட் இணைப்பிலோ அது ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும்.

இதற்குப் பெரிய சான்று ஜீப் பிறந்த அதே போர்க்காலத்தில் கிடைத்தது. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில், ‘ஷெனெக்டடி’ என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல், துறையில் நின்ற நிலையிலேயே இரண்டாகப் பிளந்தது. முழுவதும் பற்றவைத்துக் கட்டப்பட்ட அக்காலக் கப்பல்கள் பலவற்றில் வெடிப்புகள் தோன்றின. குளிரில் நொறுங்கும் எஃகும், கூர்மூலை வடிவமைப்பும், தடையற்று ஓடவிடும் பற்றவைப்பும் காரணம் என்று பின்னர் அறிந்தனர். வெடிப்பு ஓடாமல் தடுக்கக் கப்பலின் உடலில் ரிவிட் அடித்த பட்டைகளைச் சேர்த்தனர்!

இதனால் பற்றவைப்பு தீயது என்று கொள்ளலாகாது. அதற்கென வகுக்கப்பட்ட சட்டத்தில் அது நன்றே செய்யும். ரிவிட் அடிக்க ஆளில்லாதபோது, துல்லியமாகக் குடைந்த துளையில் இறுகப் பொருந்தும் உயர்வலிமை போல்ட்டும் ஏற்கத்தக்கதே. இருந்த இடத்தில் இருந்ததையே வைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது.

முறையாகச் செய்வது எப்படி?

உங்கள் அத்தா காலத்து ஜீப் ஒன்று கொட்டகையில் நிற்கிறதா? புதுப்பிக்க எண்ணினால், பட்டறையில் பின்வருவனவற்றைக் கேட்டுச் செய்யுங்கள்.

முதலில், சோதனை. சட்டத்தைக் கழுவித் துடைத்து ஒவ்வொரு ரிவிட்டையும் பாருங்கள். தலையைச் சுற்றிச் செந்நிறத் துரு வழிந்திருந்தால் அது தளர்ந்துவிட்டது என்று பொருள். ஒரு பக்கம் விரலை வைத்து, மறுபக்கம் சிறு சுத்தியலால் தட்டுங்கள். உறுதியான ஆணி கணீரென ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிப்பதுடன், விரலிலும் அசைவு தெரியும். பிறகு மூலைக்கு மூலை நாடாவால் அளந்து பாருங்கள். இரு மூலைவிட்டங்களும் சமமாக இல்லையேல் சட்டம் கோணியிருக்கிறது. அதனை நேராக்காமல் ஆணி அடிக்கலாகாது.

இரண்டாவது, கழற்றுதல். எரிவாயுத் தீயால் ஆணியை வெட்டினால் துளையும் கெடும். தலையைத் தேய்த்துத் தட்டையாக்கி, நடுவில் குறியிட்டு, ஆணியினும் சிறிய துரப்பணத்தால் துளைத்து, பிறகு தட்டி வெளியேற்றுவதே முறை. சட்டத்தில் பொறித்த சேஸ் எண்ணின்மீது தேய்ப்புக் கல் படவே கூடாது.

மூன்றாவது, தூய்மை. இரு தகடுகளுக்கு இடையே புகுந்த துரு, இரும்பினும் பல மடங்கு இடம் பிடித்துத் தகடுகளை விலக்கிவிடும். அதனை முற்றும் சுரண்டி, துருத் தடுப்புச் சாயம் பூசவேண்டும். துளை நீள்வட்டமாகியிருந்தால் அடுத்த அளவுக்குச் சீராகக் குடைந்து, அதற்கேற்ற ஆணியைத் தேர்க.

நான்காவது, பூட்டுதல். எல்லாத் துளைகளிலும் போல்ட் போட்டுத் தகடுகளை இடைவெளியின்றி இறுக்கி, மீண்டும் மூலைவிட்டம் அளந்து, ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து ரிவிட் அடிக்கவேண்டும். தகடுகளின் மொத்தக் கனத்தோடு ஆணியின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு சேர்த்தால் தண்டின் நீளம் கிடைக்கும். 8 மில்லிமீட்டர் கனத்துக்கு 10 மில்லிமீட்டர் ஆணி என்றால், 23 மில்லிமீட்டர் தண்டு வேண்டும். கெட்டியான போல்ட்டை அறுத்து ரிவிட்டாக்குவது தவறு. அது விரியாமல் வெடிக்கும்.

ஐந்தாவது, சூடு. பொறி பறக்கும் அளவுக்குக் காய்ந்த ஆணி கருகிவிட்டது, அதனை எறிந்துவிடுக. சிவப்பு மறைந்து கருநீலமாகியபின் அடித்தாலும் ஆணி நொறுங்கும் தன்மை பெறும். சில நொடிகளே அவகாசம். காய்ச்சுபவர், முட்டுக்கொடுப்பவர், அடிப்பவர் ஆகிய மூவரும் ஒருமனமாக இயங்கவேண்டிய வேலை இது.

வீட்டாரின் கவனத்துக்கு

பழைய இராணுவச் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். சுரண்டும் தூசி குழந்தைகளுக்குக் கேடு. அவர்களை அப்பால் வையுங்கள். வேலை செய்தவரின் துணியைத் தனியே துவையுங்கள். பெட்ரோல் தொட்டியைக் கழற்றாமல் உலை மூட்டலாகாது. முற்காலத்தில் கொதிகலன் பட்டறைகளில் ரிவிட் அடித்தவர்கள் பலர் செவிப்புலனை இழந்தனர், காதடைப்பான் அவசியம்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு கொணர்ந்த விதிப்படி, முதற்பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதியலாம். புதிய பதிவுக்கு அவ்விதி நிர்ணயித்த கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. அவ்வாறு பதிந்த வண்டியை வாடகைக்கு ஓட்டவும் இயலாது. சட்டத்தை மனம்போல் வெட்டி ஒட்டியவர் இந்த வாய்ப்பையும் இழப்பார்.

பார்வைக்கு வராத வேலை

ரிவிட் அடித்து, சாயம் பூசி, மேற்கூட்டைப் பொருத்திய பின் அந்த ஆணிகளை எவரும் பார்க்கப்போவதில்லை. நல்ல வேலைக்கும் பொய் வேலைக்கும் வெளியே வேறுபாடு தெரியாது. 17 வளைவுகளில்தான் தெரியும். ஜீப்பில் ஏறும் தாய்மார்கள் சேஸை ஆராய்ந்துவிட்டு ஏறுவதில்லை. நம்பி ஏறுகின்றனர். அவர்களுடைய உயிர், வண்டிக்காரரிடமும் பட்டறைக்காரரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

எத்தனை நல்ல ஆணியும், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய வண்டியையும் கண்மூடித்தனமான வேகத்தையும் காக்காது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். வண்டி வைத்திருப்போர் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆண்டுக்கு இருமுறையேனும் சேஸைக் கழுவி, ஒவ்வொரு ஆணியையும் தட்டிப் பாருங்கள். ஒரு சிறு சுத்தியலும் அரை மணி நேரமும் போதும்.