மழைக்குப் பின் கார் ஏன் தடுமாறுகிறது?



நம் நாட்டில் மழைக்குக் குறைவில்லை. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை பருவமழை. மேற்குக் கரையிலோ ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை நேரத்து இடிமழை. கொட்டும் மழையில் எப்படியோ வீடு வந்து சேர்கிறோம். மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகக் காரை எடுத்தால், அது உதறுகிறது, மேடேற மறுக்கிறது. தோட்டத்தில் வாழ்வோருக்கு இது சிறு தொல்லையன்று. இரவில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால், மருத்துவமனைக்குப் போக வாசலில் நிற்கும் அந்த ஒரு கார்தான் கதி. எனவே, நோயை நாமே ஓரளவு கண்டறிவது எப்படி என்று இன்று காண்போம்.

பெட்ரோல் இஞ்சின் ஓடுவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். அவை காற்று, பெட்ரோல், தீப்பொறி. மழைநீர் இம்மூன்றில் எதைக் கெடுத்தது என்று கேட்டுக்கொண்டால், பாதி வேலை முடிந்தது.

முதலில் தீப்பொறியைப் பார்ப்போம். மழைக்குப் பின் வரும் தடுமாற்றத்தில் முதலில் ஐயுற வேண்டியது இதுதான். பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தைக் காயில் என்னும் கருவி பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திப் பிளக்குக்கு அனுப்புகிறது. வழியில் உறை வெடித்திருந்தால், ஈரத்தின் துணையோடு அம்மின்சாரம் அருகிலுள்ள இரும்புக்குத் தாவிவிடும். பிளக்கில் பொறி எழாது. நான்கு சிலிண்டர்களில் ஒன்று சும்மா கிடக்கும். மற்ற மூன்றும் அதையும் சேர்த்து இழுக்கும். அதுவே நாம் உணரும் உதறல். 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற பழைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் நீண்ட பிளக் வயர்களும் ஈரம் பிடிக்கும் இடங்கள். இக்காலக் கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் அமர்ந்திருக்கிறது. பிளக் குழிக்குள் நீர் இறங்கினால் அங்கும் அதே நோய்தான்.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. குளிர்ந்த இஞ்சின் உதறும். சூடேறி ஈரம் உலர்ந்ததும் சரியாகிவிடும். ‘சரியாகிவிட்டதே’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மழை அந்த வெடிப்பை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். அடுத்த மழையில் அது மீண்டும் வரும். இஞ்சினை நிறுத்திவிட்டு, வயர்களையும் மூடியையும் உலர்ந்த துணியால் துடைத்து, வெடிப்பு உண்டா என்று பாருங்கள். இஞ்சின் ஓடும்போது அவற்றைத் தொடவே கூடாது. இஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டத்தைத் தொடராதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்குள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். ஒரு பிளக் வயரின் விலை எங்கே, அதன் விலை எங்கே!

அடுத்தது காற்று. வடிகட்டித் தாள் நனைந்தால் இஞ்சின் மூச்சுவிடத் திணறும். நின்ற இடத்தில் ஒழுங்காக ஓடும். மேட்டில் எண்ணெய்க் கட்டையை மிதித்தால் மட்டும் வலு இராது. சூடேறினாலும் உடனே தீராது. பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். தாள் நனைந்து நெளிந்திருந்தால் புதியது போடுவதே நல்லது.

பெட்டிக்குள் தண்ணீரே நின்றால் சாவியைத் திருப்பாதீர்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்தபின் பிஸ்டன் மேலே வந்தால், கனெக்டிங் ராட் வளைந்துபோகும். எனக்குத் தெரிந்த ஒருவர் பாலத்தடி வெள்ளத்தில் நின்றுபோன காரை, ‘இன்னும் ஒரு முறை’ என்று சொல்லிச் சொல்லி நான்கு முறை ஸ்டார்ட் செய்தார். பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றியிருந்தால் தப்பியிருக்கும் இஞ்சினை முழுதும் பிரிக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது பெட்ரோல். தொட்டி மூடியின் ரப்பர் வளையம் கெட்டிருந்தால் நீர் உள்ளே இறங்கலாம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. அடியில் தங்கி முதலில் உறிஞ்சப்படும். உதறல் சூடேறியும் தீராமல், விட்டுவிட்டு வந்தால் இதை ஐயுறலாம். தொட்டியைக் காலிசெய்து கழுவும் வேலையைப் பட்டறையில் விடுங்கள்.

இஞ்சினில் குற்றமே இல்லாமலும் கார் கனமாக இழுக்கும். மழையில் நனைந்து நின்ற வண்டியின் பிரேக் துருவேறி ஒட்டிக்கொள்வதுண்டு. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டு போங்கள், தொடவேண்டாம். ஒன்று மட்டும் அனலாக வீசினால், குற்றவாளி அதுதான். கீச்சென்ற ஓசை ஈரமான பெல்ட்டிலிருந்து வரலாம். சற்று நேரத்தில் நிற்காவிட்டால் பெல்ட் தேய்ந்ததா, தளர்ந்ததா என்று பார்க்கவேண்டும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியில் பாலூற்றிய காப்பி நிறம் தெரிந்தால், எண்ணெயில் நீர் கலந்துவிட்டது. காரை ஓட்டாமல் இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

பட்டறைக்குப் போகுமுன் மூன்று விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது? குளிரிலா, சூட்டிலா? சமதளத்திலா, மேட்டிலா? இப்போது கணினிக் கருவியைச் செருகிக் குறியீடு படிக்கிறார்கள். ‘பி 0302’ என்று வந்தால், இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். ஏன் எரியவில்லை என்பதை அது சொல்லாது. அந்தக் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் போடச் சொல்லுங்கள். குறியீடும் ‘0303’ என்று மாறினால் காயில் கெட்டது. மாறாவிட்டால் பிளக்கையோ வேறொன்றையோ பார்க்கவேண்டும். இப்படிச் சோதித்தால், நல்ல சாமான்களையெல்லாம் கழற்றி எறிந்து புதியன வாங்கும் வீண்செலவு மிஞ்சும்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் வட்டாரத்தில் வெள்ளம் புகுந்தபோது, எத்தனையோ குடும்பங்கள் தங்கள் கார்களை இழந்தன. சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது. அதற்கெனத் தனிப் பிரிவைப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். அடுத்த முறை காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது கேட்டுப் பாருங்கள். சாலையில் ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே பல கார்கள் மிதக்கத் தொடங்கும். அத்தகைய நீரைக் கண்டால் திரும்பிவிடுங்கள். பழுதான கார் பட்டறையில் சீராகிவிடும். உள்ளே இருக்கும் உயிர்களுக்கு மாற்றுச் சாமான் கிடையாது.