சாட்சியும் குற்றவாளியும்



ஒரு மழைக்காலத்தில் என் காரின் முகப்புப் பலகையில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பட்டறையில் கருவியைப் பொருத்திப் பார்த்தவர், கலவையில் பெட்ரோல் குறைவு என்னும் குறியீட்டைக் கண்டு, ஆக்சிஜன் சென்சாரையே மாற்றிவிட்டார். இரண்டு நாட்களில் விளக்கு மீண்டும் எரிந்தது!

1976-ஆம் ஆண்டில் வால்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்ற இந்தச் சென்சார் செய்யும் வேலைதான் என்ன? புகைக்குழாயில் அமர்ந்துள்ள இதனுள் சிர்க்கோனியா என்னும் பீங்கான் வகைப் பொருள் இருக்கிறது. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறியதும், வெளிக்காற்றின் ஆக்சிஜனுக்கும் புகையில் எஞ்சிய ஆக்சிஜனுக்கும் உள்ள வேற்றுமையை அது மின்னழுத்தமாகக் காட்டுகிறது. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பதே பொருத்தமான கலவை. பெட்ரோல் மிகுந்தால் அழுத்தம் 0.9 வோல்ட்டை நெருங்கும், குறைந்தால் 0.1 வோல்ட்டுக்குத் தாழும். எஞ்சின் சீராக ஓடும்போது இவ்விரண்டுக்குமிடையே ஓயாமல் ஏறி இறங்கும்.

என் காரிலோ அது தாழ்ந்தே நின்றது. வேறொரு மெக்கானிக் எஞ்சினுக்குச் சிறிது கூடுதல் எரிபொருள் ஊட்டினார். அழுத்தம் உடனே உயர்ந்தது. ஆகவே சென்சார் பொய் சொல்லவில்லை என்பது தெளிவாயிற்று. தேடியபோது, எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் வழியில் ஒரு ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. கணக்கில் வாராத காற்று அதன்வழியே நுழைந்து கலவையைக் கெடுத்திருந்தது. அச்சிறு குழாயை மாற்றியதும் விளக்கு அணைந்தது.

குறியீடு என்பது சாட்சியின் வாக்குமூலமே, தீர்ப்பன்று. சாட்சியை விசாரித்த பின்னரே குற்றவாளியைத் தேட வேண்டும்.