எட்டுப் பெண்களும் ஒரு பந்தும்

கூடைப்பந்து ஆடுவதற்கு என்னென்ன வேண்டும்? பந்து வேண்டும், ஆடுவதற்கு ஓர் இடம் வேண்டும், ஆட்டக்காரர்கள் வேண்டும். இந்த மூன்றில் நடுவில் சொன்னது இல்லாமலே ஒரு பெரிய தேசத்தின் முதற் பரிசைத் தட்டிக்கொண்டு வந்த கலாசாலைப் பெண்கள் சிலரின் வரலாறு இது.

1972-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாகாணத்திலிருந்து இல்லினாய் மாகாணத்துக்கு எட்டு மாணவிகள் ஆகாய விமானத்தில் பிரயாணமானார்கள். அவர்கள் வாங்கியிருந்தது, யாராவது பிரயாணிகள் வராமற் போய் ஆசனம் காலியாக இருந்தால் மட்டும் ஏறிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையுள்ள மலிவு டிக்கெட். கோஷ்டியைச் சேர்ந்த மற்றப் பெண்கள் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களையும் அழைத்துச் செல்லக் கலாசாலையிடம் பணம் இல்லை. வழிச்செலவுக்குப் பொருள் சேர்ப்பதற்காகப் பல் தேய்க்கும் பிரஷ்களைக்கூட விற்க வேண்டியிருந்தது.

இவ்வளவு சிரமத்தோடு அவர்கள் போனது, அமெரிக்கக் கலாசாலைப் பெண்கள் விளையாட்டுச் சங்கம் முதல் முறையாக நடத்திய தேசீயக் கூடைப்பந்துப் பந்தயத்துக்கு. ஆண்களுக்கு இத்தகைய பந்தயம் 1939-லிருந்தே நடந்து வந்தது. பெண்கள் முப்பத்து மூன்று வருஷம் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. பதினாறு கோஷ்டிகள் வந்திருந்தன. அவற்றைத் தராதரப்படி வரிசைப்படுத்தியவர்கள் நமது எட்டுப் பெண்களுக்குப் பதினைந்தாவது ஸ்தானத்தைக் கொடுத்தார்கள்.

கன்னியாஸ்திரீகளின் கலாசாலை

பிலடெல்பியா நகருக்கு மேற்கே, சிறு குன்றுகளுக்கிடையில் இருக்கிறது இம்மாகுலேட்டா கலாசாலை. மாதாவின் மாசற்ற இருதய சபையைச் சேர்ந்த கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் 1920-ல் பெண்களுக்காக அதை ஸ்தாபித்தார்கள். நாம் சொல்லும் காலத்தில் அங்கே படித்த பெண்களின் தொகை ஆயிரத்துக்கும் குறைவு. கலாசாலையின் விளையாட்டுக் கூடம் 1967-ல் தீக்கிரையாகிவிட்டது. பிறகு, பக்கத்து மடத்தில் துறவு வாழ்க்கைக்குத் தயாராகி வந்த இளம் பெண்களுக்கென்று இருந்த சிறு கூடத்தில் பந்தாடிப் பழகினார்கள்.

ஆட்டக்காரிகளின் உடையோ பார்க்கத் தகுந்ததாக இருந்தது! முழங்கால் வரை தொங்கும் கம்பளி அங்கி, அதில் முன்னும் பின்னும் அகலமான கொசுவங்கள், உள்ளே ஒரு சட்டை, இடுப்பில் கச்சை. ஓடி ஆடி வியர்வையில் நனைந்த பிறகு கம்பளி எவ்வளவு கனக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

மூன்று கட்டங்களுக்குள் ஓர் ஆட்டம்

கூடைப்பந்தை 1891-ல் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கண்டுபிடித்தார். மறு வருஷமே, அருகிலிருந்த ஸ்மித் பெண்கள் கலாசாலையில் ஸெண்டா பெரென்ஸன் என்ற ஆசிரியை அதைத் தம் மாணவிகளுக்குக் கற்றுக் கொடுத்தார். ஆனால் பெண்கள் ஆட்டத்துக்கென்று தனியாகச் சில விதிகளையும் ஏற்படுத்தினார். ஆடுகளத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்து, அவரவர் தம் தம் கட்டத்தைத் தாண்டக் கூடாது என்றார். பிறர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. மூன்று தடவைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது. பெண்களின் உடம்பு அதிக ஓட்டத்தைத் தாங்காது என்பது அக்காலத்துப் பெரியோர்களின் அபிப்பிராயம்.

மூன்று கட்டங்கள் பிற்பாடு இரண்டாயின. கட்டம் மட்டும் அடியோடு மறையவில்லை. அமெரிக்கக் கலாசாலைகளில் பெண்களும் ஆண்களைப் போல ஐவர் ஐவராக, களம் முழுவதும் ஓடி ஆடலாம் என்ற விதி நிலைபெற்றது 1971-ல்தான். எண்பது வருஷமாகப் போட்டிருந்த கோட்டை அழித்த முதற் பருவத்தில்தான் நமது கோஷ்டி ஆடியது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

450 டாலர் சம்பளம்

இந்தக் கோஷ்டிக்குப் பயிற்சி அளித்தவர் காத்தி ரஷ். 1970-ல் கலாசாலை அவரை நியமித்தபோது அவருக்கு வயது 23. ஒரு பருவம் முழுவதற்கும் அவருக்குக் கிடைத்த ஊதியம் 450 டாலர். அமெரிக்கக் கணக்கில் இதைச் சம்பளம் என்பதைவிடச் சில்லறைச் செலவுக்குக் கொடுத்த பணம் என்பதே பொருத்தம்.

அவருடைய கணவர் எட் ரஷ், தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டங்களில் நடுவராக இருந்தவர். அந்த வீட்டில் சாப்பாட்டு வேளையில் எதைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. காத்தி ரஷ் அருகிலுள்ள வெஸ்ட் செஸ்டர் கலாசாலையில் படித்துத் தேறியவர். தேகப்பயிற்சி ஆசிரியைகளைத் தயாரிப்பதில் பெயர் பெற்ற ஸ்தாபனம் அது. பெண்களுக்கு ஒரு தேசீயப் பந்தயம் வேண்டும் என்று முனைந்து, 1969-ல் முதல் அழைப்புப் பந்தயத்தை நடத்தியவரும் அங்கிருந்த காரல் எக்மன் என்னும் ஆசிரியைதான். அந்த வருஷம் முதற் பரிசும் வெஸ்ட் செஸ்டருக்கே கிடைத்தது. இந்த விவரத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கதையின் முடிவுக்கு அது வேண்டியிருக்கும்.

எந்த வீட்டுப் பெண்கள்?

ஆட்டக்காரிகளைக் கலாசாலை தேடிப் பிடித்துக் கொண்டு வரவில்லை. விளையாட்டுத் திறமைக்காக உபகாரச் சம்பளம் கொடுக்கும் வழக்கமும் இல்லை. பிலடெல்பியாவிலும் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த சாமானியக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்கள் அவர்கள். ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த ஐரிஷ், இத்தாலிய வம்சத்தினர் அந்தப் பக்கத்தில் ஏராளம். அக்குடும்பங்களுக்குக் கோயில், பள்ளிக்கூடம், விளையாட்டு ஆகிய மூன்றும் ஒரே முற்றத்தில் இருந்தன. பங்குக் கோயிலை அடுத்த பள்ளியில் சிறுமிகளுக்கும் கோஷ்டி உண்டு. பக்கத்துப் பங்குடன் பந்தயமும் உண்டு. தேசத்தின் மற்றப் பாகங்களில் பெண்கள் பந்தாடுவதே அதிசயமாயிருந்த நாளில், இங்கே தகப்பன்மார் தம் பெண்களின் ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டமாகப் போனார்கள்.

கோஷ்டியின் தூணாக விளங்கிய தெரஸா ஷாங்க் இம்மாகுலேட்டாவுக்கு வந்த விதம் சோகமானது. ஏறக்குறைய ஆறடி உயரமுள்ள இந்தப் பெண், வெளி மாகாணத்திலுள்ள வேறொரு கலாசாலைக்குப் போவதாக ஏற்பாடாகியிருந்தது. அப்போது அவருடைய குடும்பத்தின் வீடு தீப்பற்றி எரிந்து போயிற்று. குடும்பம் அந்த நிலையில் இருக்கும்போது தூர தேசம் போக மனம் வராமல், அருகிலிருந்த இம்மாகுலேட்டாவில் சேர்ந்தார். தீயினால் கூடத்தை இழந்த கலாசாலைக்குத் தீயினால் வீட்டை இழந்த பெண் வந்து சேர்ந்தாள்!

ரெனே மூத் என்ற இன்னொரு பெண்ணின் தகப்பனார் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். அவர் ஆட்டத்தைப் பார்க்க வரும்போது சும்மா வருவதில்லை. கடையிலிருந்து தகர வாளிகளையும் தட்டுவதற்குக் கட்டைகளையும் கொண்டுவந்து மற்றவர்களுக்கும் விநியோகிப்பார். கன்னியாஸ்திரீகளும் அவற்றை வாங்கிக் கொண்டார்கள். அங்கியும் முக்காடுமாகத் துறவிகள் வரிசையாக அமர்ந்து வாளியைத் தட்டி முழக்கும் காட்சியை, எதிர்க் கோஷ்டியார் ஆயுளில் மறந்திருக்க மாட்டார்கள். டெனிஸ் கான்வே, மாரீன் மூனி, ஜேனட் ரூக், ஜூடி மாரா முதலிய பெண்களும் இந்த முழக்கத்துக்கு நடுவில் ஆடியவர்கள்தான்.

முப்பத்திரண்டு பாயிண்டுகள்

1972-ஆம் வருஷப் பருவத்தில் இம்மாகுலேட்டா ஒவ்வோர் ஆட்டமாக ஜயித்துக்கொண்டே வந்தது. பிராந்தியப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில் எதிரே வந்து நின்றது வெஸ்ட் செஸ்டர். அன்றைய ஆட்டத்தை ஆட்டம் என்று சொல்வதற்கில்லை. வெஸ்ட் செஸ்டருக்கு 70 பாயிண்டு, இம்மாகுலேட்டாவுக்கு 38. தேசீயப் பந்தயத்தில் பதினைந்தாவது ஸ்தானம் கிடைத்ததற்கு இந்தத் தோல்வியே காரணம்.

இவ்விதம் தோற்ற பின்பு, கடன் வாங்கியாவது இல்லினாய் வரைக்கும் போகத்தான் வேண்டுமா என்று யாராவது கேட்டிருந்தால் அதில் ஆச்சரியமில்லை. ஆனால் அவர்கள் போனார்கள்.

நான்கு ஆட்டங்கள் ஆட வேண்டும். எட்டுப் பேரில் ஐவர் களத்தில்; மூவர் ஓரத்தில். முதலில் தென் டகோட்டா ஸ்டேட் கலாசாலையை 60-க்கு 47 என்று ஜயித்தார்கள். அடுத்தது இந்தியானா ஸ்டேட். இரண்டே பாயிண்டு வித்தியாசத்தில், 49-க்கு 47 என்று தப்பினார்கள். அரை இறுதி ஆட்டத்தில் மிஸிஸிபிப் பெண்கள் கலாசாலை. முந்திய வருஷத்து அழைப்புப் பந்தயத்தில் முதற் பரிசு பெற்ற கோஷ்டி அது. அதையும் 46-க்கு 43 என்று வென்றார்கள்.

மார்ச்சு 19-ந் தேதி இறுதி ஆட்டம். எதிர்க் கோஷ்டி எது என்று நேயர்கள் யூகித்திருப்பார்கள். ஆம், அதே வெஸ்ட் செஸ்டர்தான்! தம்மை உருவாக்கிய கலாசாலைக்கு எதிராகக் காத்தி ரஷ் தம் மாணவிகளைக் களத்தில் இறக்கினார். சில நாட்களுக்கு முன் முப்பத்திரண்டு பாயிண்டு வித்தியாசத்தில் தோற்ற அதே பெண்கள், அன்று 52-க்கு 48 என்று ஜயித்தார்கள். அந்தப் பருவத்தில் அவர்கள் ஆடிய 25 ஆட்டங்களில் தோற்றது அந்த ஒன்றே ஒன்றில்தான்.

புகழும் பணமும்

1973-லும் 1974-லும் அவர்களே முதற் பரிசு பெற்றார்கள். 1975 ஜனவரியில் மேரிலாந்து சர்வகலாசாலையுடன் அவர்கள் ஆடிய ஆட்டம், தேசம் முழுவதும் டெலிவிஷனில் காட்டப்பட்ட முதல் கலாசாலைப் பெண்கள் ஆட்டமாயிற்று. மறு மாதம் நியூயார்க்கில், புகழ் பெற்ற மாடிஸன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் முதன் முதலாக ஆடிய பெண்கள் கோஷ்டிகளில் ஒன்றும் இதுவே. அன்று ஏறக்குறைய 12,000 ஜனங்கள் கூடினார்கள்.

1975-லும் 1976-லும் இறுதி ஆட்டம் வரை வந்து டெல்டா ஸ்டேட் கோஷ்டியிடம் தோற்றார்கள். அந்தத் தோல்வியிலும் ஒரு நியாயம் இருந்தது. டெல்டா ஸ்டேட்டின் பயிற்சி ஆசிரியை மார்கரெட் வேட், 1930-களின் ஆரம்பத்தில் அதே கலாசாலையில் ஆடிக்கொண்டிருந்தவர். இந்த விளையாட்டு பெண்களின் தேகத்துக்கு ஆகாது என்று நிர்வாகிகள் கோஷ்டியைக் கலைத்தபோது, அவரும் தோழிகளும் அழுதுகொண்டே தங்கள் ஆட்ட உடைகளைக் கொளுத்தினார்கள். நாற்பது வருஷத்துக்குப் பின், 1973-ல், கோஷ்டி மறுபடி உயிர் பெற்றபோது அவரையே அழைத்தார்கள்!

இதற்கிடையில் உலகம் மாறிவிட்டது. நமது எட்டுப் பெண்கள் பரிசு பெற்ற மூன்றே மாதத்தில், 1972 ஜூன் 23-ந் தேதி, அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. சர்க்கார் பணம் பெறும் கல்வி ஸ்தாபனங்கள் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டக் கூடாது என்பது அதன் சாரம். 1973-ல் விளையாட்டுப் பெண்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்க இருந்த தடையும் நீங்கியது. பெரிய சர்வகலாசாலைகள் பணத்தைக் கொட்டிச் சிறந்த பெண்களை அழைத்துக் கொண்டன. கன்னியாஸ்திரீகளிடம் வாளி இருந்தது, பணம் இல்லை. காத்தி ரஷ் 1977-ல் விலகினார். ஏழு பருவங்களில் 149 வெற்றி, 15 தோல்வி என்பது அவருடைய கணக்கு. அதன் பிறகு இம்மாகுலேட்டா தேசீய முதற் பரிசைப் பெறவில்லை. பெண்கள் விளையாட்டு வளர வேண்டும் என்று யார் பாடுபட்டார்களோ, அவர்களாலேயே அந்த வளர்ச்சிக்கு ஈடு கொடுக்க முடியவில்லை.

ஆயினும் அந்தப் பெண்கள் தோற்றுப் போனார்கள் என்று நினைக்க வேண்டாம். பலர் பயிற்சி ஆசிரியைகளானார்கள். ரெனே மூத், ரெனே போர்ட்லண்டு என்ற பெயருடன் 27 வருஷம் பென் ஸ்டேட் சர்வகலாசாலையில் பயிற்சி அளித்தார். 1972-ஆம் வருஷ வெற்றிக்குப் பின் கோஷ்டியில் சேர்ந்த மரியான் க்ராபோர்டு, மரியான் ஸ்டான்லி என்ற பெயருடன் ஓல்டு டொமினியன் சர்வகலாசாலைக்கு மூன்று தேசீயப் பரிசுகளை வாங்கிக் கொடுத்தார். வீட்டைத் தீயில் இழந்த தெரஸா ஷாங்க், திருமணத்துக்குப் பின் தெரஸா க்ரென்ட்ஸ் ஆகி, ரட்கர்ஸ் சர்வகலாசாலைக் கோஷ்டியை நடத்தினார். பெண்கள் சங்கத்தின் கடைசிப் பந்தயம் 1982-ல் பிலடெல்பியாவில் நடந்தபோது வென்றது அவருடைய கோஷ்டிதான். முதற் பந்தயத்தை ஆடி வென்றவர், கடைசிப் பந்தயத்தை ஆடச் செய்து வென்றார். 1992-ல் ஒலிம்பிக் பந்தயத்துக்கு அமெரிக்கப் பெண்களை அழைத்துச் சென்றவரும் அவரே.

2014-ல் அந்த மூன்று வருஷத்துக் கோஷ்டியையும், கூடைப்பந்தின் பிதாவான நெய்ஸ்மித்தின் பெயரால் ஸ்பிரிங்பீல்டில் அமைந்துள்ள கௌரவ மண்டபத்தில் சேர்த்துக் கொண்டார்கள். நரைத்த தலையுடன் தோழிகள் மறுபடி ஒன்று கூடினார்கள்.

இந்த வரலாற்றில் நமக்கு மிகவும் பிடித்தவர் யார் தெரியுமா? இரும்புக் கடைக்காரர்தான். பெண் நன்றாக ஆடுகிறாளா, பரிசு வாங்குவாளா என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. கடையிலிருந்த வாளியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மாலை வேளையில் நம் வீட்டுப் பெண் பந்தை எடுத்துக்கொண்டு வாசற்படி இறங்கும்போது, "இருட்டுகிற நேரத்தில் எங்கே கிளம்பிவிட்டாய்?" என்று கேட்க வாயெடுக்கும் தகப்பனார்கள், ஒரு கணம் கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும். அங்கே ஒரு வாளி நிச்சயம் இருக்கும்.