கடைசல் இயந்திரத்துக்கு எங்கே எண்ணெய், எங்கே மெழுகு?

ரப்பர்ப் பாலை அழுத்தித் தகடாக்கும் உருளை இயந்திரத்தில் வேலை செய்த நம் தோட்டத் தொழிலாளர்கள் ஒன்றை நன்கறிவர். அதன் பற்சக்கரங்களுக்கு மசகு இடுவார்கள். உருளைகளின் மேல் ஒரு சொட்டும் படவிடமாட்டார்கள். எண்ணெய் பட்ட ரப்பர் கெட்டுவிடும். ஒரே இயந்திரத்தில் எண்ணெய் வேண்டிய இடமும் உண்டு, ஆகாத இடமும் உண்டு என்னும் இவ்வறிவு, மரம் கடையும் இயந்திரத்துக்கும் பொருந்துகிறது.

முன்னாளில் வெட்டிச் சாய்த்த பால்மரம் பெரும்பாலும் புகைக்கூடத்துக்கு விறகாகவே போயிற்று. மாவுச்சத்து மிகுந்த மரமாதலால் சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாரிக்கும். துளைக்கும் வண்டுகளும் சேரும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் உட்செலுத்திச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னர், 1980-ஆம் ஆண்டுகளில் இம்மரம் நம் நாட்டு நாற்காலி, மேசைத் தொழிலின் முதன்மையான மூலப்பொருளாயிற்று. கோல சிலாங்கூர் வட்டாரத்தில், 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் வணிக முறையில் முதன்முதலாகப் பயிரிடப்பட்ட செம்பனையே இன்று மிகுதி. ஆயினும், 25 முதல் 30 ஆண்டு வயதில் வெட்டப்படும் பால்மரத்தைக் கடைந்து நாற்காலிக் கால்களும் படிக்கட்டுத் தூண்களும் செய்வது, தோட்டத்து இளைஞர் கற்றுக்கொள்ளத்தக்க நல்ல கைத்தொழிலாகும். பழைய இயந்திரம் ஒன்றை வாங்கித் தொடங்குவோரும் உண்டு. பழைய இயந்திரம் எனும்போதுதான் பராமரிப்பு முக்கியமாகிறது.

வட சிலாங்கூரில் ஒரு சிறு பட்டறைக்கு நாம் சென்றிருந்தபோது, இளைஞர் ஒருவர் இயந்திரத்தின் பின்தலையை மரச்சுத்தியால் தட்டித் தட்டி நகர்த்திக்கொண்டிருந்தார். “நாள்தோறும் எண்ணெய் ஊற்றுகிறேன் ஐயா, அப்படியும் நகர மறுக்கிறது” என்று அலுத்துக்கொண்டார். பாதித் தூரத்தில் அது சிக்கிக்கொள்ளவே, கட்டையை அரைகுறையாகப் பிடித்த நிலையில் விசையைப் போட்டுவிட்டார். கட்டை எகிறிப் பறந்து சுவரில் மோதியது. ஒரு முழம் விலகியிருந்தால் அவர் முகத்தில் பட்டிருக்கும்.

குற்றம் அந்த எண்ணெயில்தான் இருந்தது. கடைசல் இயந்திரத்தின் நீண்ட இரும்புப் படுகையின் மேல் இரு பாகங்கள் முன்னும் பின்னும் நகர்கின்றன. ஒன்று உளித்தாங்கி. மற்றது கட்டையின் மறுமுனையை அழுத்திப் பிடிக்கும் பின்தலை. பட்டறைகளில் இதனை டெயில்ஸ்டாக் என்பர். மரம் கடையும்போது நுண்ணிய தூள் ஓயாமல் படுகையின் மேல் விழுகிறது. அங்கே எண்ணெய் இருந்தால் தூள் அதனுடன் கலந்து களிம்பாகி, நகரும் பாகங்களின் அடியில் அடைந்துகொள்ளும். மேலும் எண்ணெய் ஊற்றினால் களிம்பு மேலும் தடிக்கும். எண்ணெயே இல்லாமல் விட்டாலோ, தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டிவைக்கும். கடலோரமான நம் வட்டாரத்தில் துருப்பிடிக்க அதிக நாள் வேண்டியதில்லை. பச்சை மரத்தைக் கடைந்தால் ஒரே இரவு போதும்.

ஆகவே படுகைக்கு வேண்டியது எண்ணெயன்று, மெழுகு. முதலில் மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். பின்தலையையும் உளித்தாங்கியையும் கழற்றி, தூளைத் தூரிகையால் கூட்டி அகற்றுக. காற்றை வேகமாகப் பீய்ச்சினால் தூள் தாங்குருளைகளுக்குள் புகுந்துவிடும். காய்ந்த களிம்பை, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும்; அவ்வேளையில் அருகில் சுருட்டும் கூடாது, சிகரெட்டும் கூடாது. துருவை மிக நுண்ணிய உப்புத்தாளால் படுகையின் நீளவாட்டில் மட்டும் தேய்க்க வேண்டும். கழற்றிய பாகங்களின் அடிப்பக்கத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். அழுக்கில் பாதி அங்கேதான் இருக்கும்.

நன்கு உலர்ந்த பின் தரைக்கு இடும் பசைமெழுகை மெல்லிதாகப் பூசி, காய்ந்ததும் துணியால் பளபளக்கத் தேய்க்க வேண்டும். மெழுகுவத்தியைத் தேய்த்துப் பரப்பினாலும் குற்றமில்லை. சிலிக்கோன் கலந்த மெழுகும் தெளிப்பானும் ஆகா; அது மரத்தில் பட்டால், பின்னர் பூசும் வார்னிஷ் ஒட்டாமல் குழிகுழியாய் விலகும். உளித்தாங்கியின் மேல்விளிம்பில் உளி பட்டு விழுந்த பள்ளங்களை அரத்தால் சமப்படுத்தி, அங்கும் சிறிது மெழுகு தேய்த்தால் உளி தடையின்றி வழுக்கிச் செல்லும்.

எண்ணெய்க்கும் இடமுண்டு. பின்தலையின் கைச்சக்கரம் திருப்பும் திருகாணி மரைக்கு, துடைத்த பின் ஒரு துளி போதும். பழைய இயந்திரங்களில் முன்தலைத் தாங்கியின் மேல் எண்ணெய்க் குழி இருந்தால் சில சொட்டு விடலாம். மூடிய தாங்குருளைகளுக்கு ஒன்றும் தேவையில்லை. வார்ப்பட்டையில் எண்ணெய் பட்டால் அது வழுக்கும். கட்டையைப் பிடிக்கும் கூர்முனை செருகப்படும் கூம்புத் துளையையும் உலர்ந்த துணியால் துடைத்தே வைக்க வேண்டும். அங்கே எண்ணெய் இருந்தால் கூர்முனை பிடிப்பின்றிச் சுழன்று துளையையே கீறிவிடும்.

தூளை அன்றாடம் மாலையில் கூட்டிவிட்டு, மெழுகை மாதம் ஒரு முறை பூசினால் போதுமானது. பச்சை மரம் கடைந்த நாளில் மட்டும் படுகையை ஈரம் போகத் துடைத்த பின்னரே பட்டறையைப் பூட்ட வேண்டும்.