திரளின் நடுவே சேவை: கோஷ்டியும் ஏகாந்தமும்

திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியன்று பரமபதவாசல் திறக்கும் வேளையிலும், காஞ்சியில் வைகாசிக் கருடசேவையன்று விடியற்போதிலும், திருமலையில் ஏறக்குறைய எல்லா நாட்களிலும் சேவார்த்திகள் எண்ணிறந்தோர் திரளுகின்றனர். பல நாழிகை வரிசையில் நின்று, தள்ளுண்டு, திருமுன்பை அடைந்த சில நொடிகளில் நகர்த்தப்பட்டு வெளியே வருபவர் மனத்தில் ஒரு வருத்தம் எஞ்சுவதுண்டு. எம்பெருமானை உள்ளபடி சேவித்தோமா, ஒரு விண்ணப்பமாவது செய்தோமா என்பதே அது. இவ்வருத்தத்தால் திருவிழா நாட்களில் கோயிலுக்குச் செல்வதையே தவிர்த்து, திருமாளிகையில் எழுந்தருளியிருக்கும் பெருமாளே போதும் என்று அமைந்துவிடுவார் உளர். அருகில் நின்றவர்மீது சினம் மூண்டு, அச்சினத்தோடே இல்லம் திரும்புவாரும் உளர்.

இந்த இழவு பொய்யன்று, ஆகையால் புறக்கணிக்கத்தக்கதுமன்று. எனினும் திரளிலும் ஒலியிலும் இழக்கப்படுவது எது, எவ்வளவு நெருக்கத்திலும் இழக்க வேண்டாதது எது என்பதைப் பூர்வாசார்யர்களின் ஸ்ரீஸூக்திகளைக் கொண்டு தெளிவது நலம்.

மடுவின் கரை

எம்பெருமானுடைய ஐந்து நிலைகளையும் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் தாகமுற்றவனுக்கு நீர் கிடைக்கும் வகைகளைக் கொண்டு விளக்குகிறார். அந்தர்யாமித்வம் நிலத்தின் கீழுள்ள நீர் போன்றது. உள்ளே இருந்தும், கொட்டும் குந்தாலியும் கொண்டு தோண்டுவார்க்கே எட்டும். பரத்வம் அண்டத்துக்கு அப்பாலுள்ள ஆவரணநீர். வ்யூஹம் பாற்கடல். விபவம் ஒரு காலத்தில் பெருகி ஓடிய ஆறு. அவ்வாற்றில் தேங்கி நின்ற மடுக்களாக அர்ச்சாவதாரங்கள் எப்போதும் எவர்க்கும் எளியனவாய் விளங்குகின்றன.

இவ்வுவமையைத் திரளைப் பற்றிய கேள்வியோடு பொருத்திப் பார்க்கலாம். தனிமையில் நெஞ்சை ஒருமுகப்படுத்தித் தேட வேண்டிய நிலை அந்தர்யாமித்வம். அதற்கு யோகமும் ஏகாந்தமும் வேண்டும். மடுவோ ஊரார் அனைவருக்கும் பொது. அதன் கரையில் கூட்டம் இருப்பது குறையாகாது. ஆறு வற்றிய காலத்திலும் மடுவில் நீர் உண்டு என்பதற்கு அதுவே அடையாளம். அருகில் நின்று நெருக்குகிறவனும் அதே தாகத்தோடு வந்தவன். அர்ச்சாவதாரத்தின் உயிர்நிலையான குணம் ஸௌலப்யம். அனைவர்க்கும் எளியவனாக நிற்கும் அவனிடம் சென்று, 'பிறர் இல்லாத வேளையில் எனக்கு மட்டும் காட்சி தரவேண்டும்' என்று எதிர்பார்ப்பது, எந்தக் குணத்தை நம்பிச் சென்றோமோ அந்தக் குணத்துக்கே எல்லை கட்டுவதாகும்.

வீதியில் பிறந்த மங்களாசாசனம்

ஸம்ப்ரதாயத்தில் பிரபந்த அனுசந்தானத்துக்கு முதலாக நிற்பது திருப்பல்லாண்டு. அது அவதரித்த சூழல் இங்கே நினைக்கத்தக்கது. பாண்டியன் வல்லபதேவனுடைய அவையில் பரத்வ நிர்ணயம் செய்து பொற்கிழி பெற்ற பெரியாழ்வாரை அரசன் யானைமேல் ஏற்றி மதுரைத் திருவீதிகளில் உலாவரச் செய்தான். அரசனும் பரிவாரமும் நகரத்தாரும் சூழ்ந்து வந்த அந்த ஆரவாரத்தின் நடுவே எம்பெருமான் பெரிய திருவடியின்மேல் பிராட்டியோடு காட்சி தந்தருளினான். ஆழ்வார் யானையின்மேல் இருந்த மணிகளையே தாளமாகக் கொண்டு பல்லாண்டு பாடினார் என்பது குருபரம்பரை காட்டும் செய்தி. அமைதியான இடம் தேடி அவர் இறங்கிச் செல்லவில்லை. ஊர்வலத்துக்காகக் கட்டிய மணியே மங்களாசாசனத்துக்கு உபகரணமாயிற்று.

அவர் தமக்கென ஒன்றும் வேண்டாததற்கு வியாக்கியாதாக்கள் காரணம் காட்டுகின்றனர். காலம் நடையாடாத பரமபதத்தில் இருக்க வேண்டிய வடிவழகு, காலம் ஆளுகிற இந்நிலத்தில், பலரும் காணும்படி வந்து நின்றதே, இதற்கு என்ன தீங்கு வருமோ என்று அஞ்சிற்று ஆழ்வார் திருவுள்ளம். ப்ரேமத்தின் மிகுதியால் அவனுடைய ஸர்வசக்தியையும் மறந்து, காப்பவனுக்கே காப்பிடத் தொடங்கினார். இவ்வாறு பார்க்குமிடத்து, திரளே அந்தப் பரிவைத் தூண்டிய காரணங்களுள் ஒன்றாக நிற்கிறது.

இதிலிருந்து சேவார்த்திக்குக் கிடைக்கும் தெளிவு பெரிது. தன் குறைகளை வரிசையாக எடுத்துரைப்பதே பிரார்த்தனை என்று கொண்டவனுக்குச் சில நொடிகள் போதா. எம்பெருமானுக்குப் பல்லாண்டு பாடுவதே தன் ஸ்வரூபத்துக்குச் சேர்ந்த விண்ணப்பம் என்று தெளிந்தவனுக்கு ஒரு நொடியும் நிறைவுடையது. தன் குறைகளை அவன் அறிவான். அறியாதவனுக்கு அன்றோ விரித்துரைக்க வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. திருப்பல்லாண்டில் ஆழ்வார் மூவகை அதிகாரிகளையும் அழைத்துத் தம்மோடு கூட்டிக்கொள்கிறார் என்பது வியாக்கியானம். பகவானையே வேண்டுவாரும், செல்வம் வேண்டுவாரும், கைவல்யம் வேண்டுவாரும் அம்மூவர். கைவல்யார்த்தியாவான் தன் ஆத்மாவையே தனித்து அனுபவிக்க நினைப்பவன். அவனையும் அந்தத் தனிமையிலிருந்து மீட்டுக் கோஷ்டியில் சேர்க்கிறார் ஆழ்வார். கோயிலில் மனஅமைதி கிட்டவில்லை என்று வருந்துமிடத்து, தேடப்பட்டது எம்பெருமானுடைய உகப்பா, தன் நெஞ்சின் சுகமா என்று ஒருமுறை ஆராய்வது தகும். பின்னதாயின், திரள் கெடுத்தது பக்தியை அன்று. கைவல்ய ருசிக்கு ஒப்பான ஒன்றையே.

நெருக்கத்தை விரும்பினவன்

திருக்கோவலூர் இடைகழியின் சரிதம் அனைவரும் அறிந்தது. இருளும் மழையுமான இரவில் அச்சிறிய இடத்தில் ஒருவர் கிடக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்டு நின்றனர். நான்காமவனாக எம்பெருமான் உட்புகுந்து நெருக்கினான். நெருக்குகிறவர் யார் என்று காணவே விளக்கேற்ற வேண்டியதாயிற்று. முதலாழ்வார்களுடைய மூன்று திருவந்தாதிகளும் அந்த நெருக்கத்தின் பயனாகத் தோன்றியவை. வேதாந்த தேசிகன் தேஹளீச ஸ்துதியில், ஆலையில் அகப்பட்ட கரும்பு போல எம்பெருமான் ஆழ்வார்களிடையே நெருக்குண்டு சுரந்த ரஸத்தை அனுபவிக்கிறார்.

இச்சரிதத்தில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, மூவரும் இடம்கொடுத்து நின்றனர். கிடந்தவர் எழுந்து அமர்ந்தார். அமர்ந்திருந்த இருவரும் எழுந்து நின்றனர். அவ்வாறு இசைந்து நின்ற இடத்திலேயே எம்பெருமான் புகுந்தான். இரண்டாவது, அவர்கள் கண்ணால் காணும் முன்பே அவனுடைய ஸ்பர்சத்தை உணர்ந்தனர். அவ்வுணர்ச்சி முதலில் நெருக்கமாகவே தோன்றிற்று.

குலசேகரப் பெருமாளின் திருவுள்ளமும் இதே வழியில் செல்கிறது. பெருமாள் திருமொழியின் முதல் பதிகத்தில் அரங்கனைக் காண ஆசைப்பட்டவர், இரண்டாம் பதிகத்தில் அவ்வரங்கனுடைய அடியார் குழாத்தைக் காணவும் அதில் கூடவும் ஆசைப்படுகிறார். திருவேங்கடத்தைப் பாடும் நான்காம் பதிகத்தில், அடியாரும் வானவரும் ஏறி இயங்கும் படியாகத் திருமுன்பே கிடந்து, அவனுடைய திருவாயைக் காண வேண்டும் என்று பிரார்த்திக்கிறார். கருவறை வாசற்படி குலசேகரன்படி என்று வழங்குவது இதனாலேயே. திரளின் திருவடிகள் தம்மேல் படுவதைச் சேவைக்கு இடையூறாக அவர் எண்ணவில்லை. அதையே சேவைக்குரிய நிலையாக விரும்பினார்.

ஒலியும் இரைச்சலும்

கோயிலின் ஒலிகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. வீதிப் புறப்பாட்டில் எம்பெருமானுக்கு முன்னே அருளிச்செயல் கோஷ்டியும், பின்னே வேதபாராயண கோஷ்டியும் எழுந்தருளுவது முறை. தமிழின் பின்னே அவன் செல்கிறான், அவனைத் தேடி வேதம் பின்தொடர்கிறது என்று பெரியோர் இதற்குப் பொருள் கூறுவர். திருச்சின்னம், நாகஸ்வரம், சேமக்கலம், மணி ஆகிய ஒவ்வொன்றுக்கும் வேளையும் இடமும் உண்டு. தேசிகன் அருளிய திருச்சின்னமாலை, காஞ்சியில் பேரருளாளன் புறப்பாட்டில் ஊதப்படும் திருச்சின்னத்தின் ஒலியிலே ரஹஸ்யார்த்தங்களைக் கேட்கச் செய்கிறது. காதுக்கு ஊதலாக எட்டுவது, பொருளறிந்த நெஞ்சுக்கு உபதேசமாகிறது.

திருப்பாவையின் ஆறாம் பாசுரம் இதற்கு மேலும் ஒரு நுட்பத்தைக் காட்டுகிறது. அங்கே முனிவரும் யோகிகளும் மெதுவாக எழுந்திருக்கிறார்கள்; ஆயினும் அவர்கள் சொல்லும் திருநாமம் பெருமுழக்கமாகிறது. மெதுவாக எழுவானேன் என்னும் வினாவுக்கு, நெஞ்சில் கண்வளரும் எம்பெருமான் அசங்கலாகாது என்னும் கருத்தால் என்று வியாக்கியானம் விடை கூறும். கருவுற்ற பெண் வயிற்றுப் பிள்ளைக்கு நோவாதபடி எழுவதும், மலையிலிருந்து தள்ளப்பட்ட பிரஹ்லாதன் மார்பை அணைத்துக்கொண்டு விழுந்ததும் அங்கு எடுத்துக்காட்டுகள். உள்ளே அத்தனை கவனம், வெளியே அத்தனை முழக்கம். இரண்டும் அதே அடியார்களிடத்தில் ஒருங்கே உள்ளன. நெஞ்சில் இருப்பவனுக்கு நோவாதபடி நடக்கும் அந்தப் பரிவையே ஸம்ப்ரதாயம் அமைதியாகக் கொள்கிறது. அதற்குச் சுற்றுப்புறம் ஓசையற்றிருக்க வேண்டுவதில்லை.

கைங்கர்யத்தில் சேராத ஒலி வேறு. ஸந்நிதியில் உரத்துப் பேசுதல், தமக்குள் கதை பேசுதல், பூசலிடுதல் முதலியவை அபசாரங்களாக எண்ணப்பட்டுள்ளன. கைப்பேசியின் ஒலியும், வரிசையில் முந்துவோர் செய்யும் வாக்குவாதமும் இவ்வகையிலேயே அடங்கும். இவற்றைத் தவிர்ப்பது ஒவ்வொரு சேவார்த்தியின் கையிலும் உள்ளது.

கண் எங்கே நிற்பது?

உறையூரில் மல்லனாக இருந்த வில்லிதாசர், திருவரங்கத்துத் திருவிழாவில் பொன்னாச்சியாருக்குக் குடைபிடித்து, அவருடைய கண்ணழகை விட்டுப் பார்வை பிரியாமல் நடந்தார். அவ்வளவு கூட்டமும் ஓசையும் பரிகாசமும் அவரைத் தொடவில்லை. எம்பெருமானார் அதைக் கண்டு, அரங்கனுடைய திருக்கண்களின் அழகைக் காட்டிக்கொடுக்க, அவர் பிள்ளை உறங்காவில்லிதாசரானார். அவருக்கு ஒருமை புதிதாகக் கற்பிக்கப்படவில்லை. முன்பே இருந்த ஒருமைக்கு உரிய விஷயம் காட்டப்பட்டது. ஈடுபாடு உள்ள இடத்தில் திரள் மறைந்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

சில நொடிகளில் எதைச் சேவிப்பது என்பதற்குத் திருப்பாணாழ்வார் வழிகாட்டுகிறார். அமலனாதிபிரானின் 10 பாசுரங்களும் திருவடியில் தொடங்கித் திருப்பீதாம்பரம், திருவுந்தி, உதரபந்தம், திருமார்பு, திருக்கழுத்து, திருவாய், திருக்கண்கள் என்று ஏறித் திருமேனி முழுவதிலும் நிறைகின்றன. கண் இங்குமங்கும் அலையாமல் திருவடியில் விழுந்து திருக்கண்களில் நிற்குமாயின், குறுகிய சேவையும் முழுமை பெறும். நெருக்கத்தில் திருவடி ஒன்றே கிட்டினாலும் குறையில்லை. தொடங்க வேண்டிய இடமும் பற்ற வேண்டிய இடமும் அதுவே.

காத்திருக்கும் நேரத்தை வீணென்று எண்ணுவதற்கில்லை. தன் ஆசார்யன் தொடங்கி மேன்மேல் ஏறிப் பிராட்டியும் எம்பெருமானும் ஈறாகக் குருபரம்பரையை அனுசந்திப்பது, வரிசையில் ஒவ்வோர் அடியாக நகர்வதற்கு மிகப் பொருந்தும். உபதேசம் பெற்றவர்க்கு த்வயம் உண்டு. தாயார் ஸந்நிதியை முதலில் சேவித்து வருவது புருஷகாரத்தை நினைப்பூட்டும். இவ்வாறு வந்தவன் திருமுன்பில் சொற்களைத் தேட வேண்டியிராது.

குழாமும் நெரிசலும்

இத்தனையும் கூறியதால் எல்லா நெருக்கமும் ஏற்கத்தக்கது என்று கொள்ளலாகாது. 2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட துவார தரிசன டோக்கன் பெறத் திருப்பதியில் கூடியவர்களுள் 6 பேர் நெரிசலில் உயிரிழந்தனர். இடைகழியில் மூவர் ஒருவருக்கொருவர் இடம்கொடுத்தனர். நெரிசலில் ஒருவர் இடத்தை ஒருவர் பறிக்க நேருகிறது. முன்னது குழாம், பின்னது ஆபத்து. அதைத் தடுப்பது நிர்வாகத்தின் கடமை மட்டுமன்று, கைங்கர்யமும் ஆகும். எம்பெருமானார் திருவரங்கத்தில் ஐந்து கொத்தாக இருந்த பரிசனங்களைப் பத்துக் கொத்தாக வகுத்து, அவரவர் பணியை வரையறுத்தார் என்று கோயிலொழுகு கூறும். தரிசனத்தில் ஆழ்ந்த அவர் திருவுள்ளம் ஒழுங்கைச் சிறியதாக நினைக்கவில்லை.

சேவார்த்தியின் பொறுப்பும் இலேசானதன்று. ஸ்ரீவசனபூஷணம் அக்ருத்யகரணம், பகவதபசாரம், பாகவதாபசாரம், அஸஹ்யாபசாரம் என்னும் நான்கையும் எண்ணி, ஒன்றைவிட அடுத்தது கொடியது என்று அறுதியிடுகிறது. எம்பெருமானை ஒரு நொடி முன்னதாகச் சேவிக்க வேண்டி முதியவர் ஒருவரை முழங்கையால் ஒதுக்குபவன், பகவத் விஷயத்தைத் தேடிப் பாகவதாபசாரத்தைச் சம்பாதிக்கிறான். வெகுதொலைவு வந்து, பல நாழிகை நின்று பெற்றது இதுவாயின் அந்த இழவுக்கு ஈடில்லை. திரளில் உண்மையாக இழக்கக்கூடியது இதுவே. இழவாமல் காப்பதும் எளிது. பின்னே நிற்கும் முதியவருக்கும், கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கும் ஓரடி இடம் விட்டு நின்றால் போதும். திருமுன்பில் நிற்கும் நேரம் அதனால் ஒரு நொடி குறையலாம். அந்த ஓரடி அடியார்க்குச் செய்த கைங்கர்யமாக எம்பெருமான் திருவுள்ளத்தில் நிற்கும்.